கண்டனத் தீர்மானம் போடுவது எப்படி? மட்டக்களப்பில் புதிதாகச் சங்கப் பொறுப்பேற்றவர்களுக்கு

கோயில் முன்றலில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். ஒருவர் எழும்பி, "இதை இப்படியே விடக்கூடாதுகா, கண்டிச்சு ஒரு கடிதம் போடுவம்" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு எல்லாப் பார்வையும் செயலாளர் பக்கம் திரும்பும். அந்தச் செயலாளர் போன மாதம்தான் தெரிவான தங்கச்சியாகவோ தம்பியாகவோ இருந்தால், கையில் பேனை இருக்கும், முதல் வரி வராது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கிராமத்துச் சங்கங்களில் பல வருடம் கூட்டறிக்கை எழுதியவன் நான். கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, ஆலய பரிபாலன சபை என்று எல்லாவற்றிலும் கண்டனக் கடிதம் எழுதும் வேலை என்னிடம்தான் வந்து சேரும். அதில் பாதிக்கு மேல் எந்தப் பதிலும் கிடைக்காமல் போனவை. ஏன் போயின என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. கண்டனம் என்று ஒன்றைப் போட்டால், பெயரும் பதவியும் உள்ள ஒருவர் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை வர வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அதற்காகத்தான்.

பிழை யாருடையது என்று முதலில் பாருங்கள்

என்னுடைய பெரிய தவறு இந்த இடத்தில்தான் நடந்தது. எங்கள் வயலுக்குப் போகும் பாதையில் ஒரு மதகு உடைந்து கிடந்தது. ஒரு நாள் உழவு மெசின் அதில் சரிந்து ஒரு பொடியனுக்குக் கால் முறிந்துவிட்டது. ஊரே கொதித்தது. அன்று இரவே கண்டனக் கடிதம் எழுதி, நூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் கையொப்பம் வாங்கி, ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். மூன்று கிழமை கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: அந்தப் பாதை தங்களுக்குரியது அல்லவாம். சரியான அலுவலகத்தைத் தேடிப் பிடித்து நான் போனபோது, அங்கிருந்தவர், "எங்களுக்கு ஒரு கடிதமும் வரல்லையே தம்பி" என்றார். அவர் சொன்னது உண்மை. அதற்குள் மாரி வந்து மதகு முழுதாகவே அள்ளுண்டு போனது. அந்தப் போகத்தில் எங்கள் வட்டைக்காரர், அதாவது வயல்காரர், பட்ட பாட்டில் என் அவசரத்துக்கும் பங்கு உண்டு.

ஆகவே பேனையை எடுக்க முன், அந்தப் பொருள் யாருடைய பொறுப்பு என்று உறுதிசெய்யுங்கள். வீதி என்றால், ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ-4 அந்த வகை. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. ஊருக்குள் இருக்கும் ஒழுங்கைகள் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைக்கு. வயல் பாதைகளில் கமநல சேவை நிலையத்தையும் விசாரிக்க வேண்டும். உன்னிச்சை, நவகிரி போன்ற பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. ஊர்க் குளங்கள் அப்படியல்ல. ஆற்று மணலுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். மணல் லொறி வீதியை உடைக்கிறது என்றால் நாம் எல்லோரும் பிரதேச செயலாளரையே திட்டுகிறோம். யானை வேலி என்றால் வனஜீவராசிகள் திணைக்களம். கடற்கரை அரிப்பு என்றால் கரையோரம் பேணல் திணைக்களம்.

விதானையாரிடம் (கிராம உத்தியோகத்தரிடம்) கேட்டாலே பல சமயம் தெரிந்துவிடும். அவருக்கும் தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அரை நாள் போகும். அந்த அரை நாளை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் ஒரு போகத்தைக் கெடுத்தேன்.

ஆதாரத்தைச் சேருங்கள், தகவல் உரிமையைப் பயன்படுத்துங்கள்

என்ன நடந்தது, எந்தத் திகதி, எந்த இடம், யார் பார்த்தார்கள் என்ற நான்கையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். போனில் படம் எடுத்தால் திகதி தெரியும்படி எடுத்து, உடனே இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். "சொன்னார்கள்", "கேள்விப்பட்டோம்" என்று வருவதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொல்கூடக் கண்டனக் கடிதத்துக்குள் போகக்கூடாது.

அரச அலுவலகத்துக்குள் இருக்கும் விடயம் என்றால், ஒப்பந்தம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, வேலை முடிந்ததாக யார் கையொப்பமிட்டார் என்பதையெல்லாம் கேட்டுப் பெற வழி இருக்கிறது. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும், பிரதேச சபையிலும் தகவல் உத்தியோகத்தர் என்று ஒருவர் இருக்க வேண்டும். அவரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும் அவர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. "எதுக்கு உங்களுக்கு?" என்று யாராவது கேட்டால், சட்டம் அதைக் கேட்கச் சொல்லவில்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. கடிதம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். காலக் கணக்கு அதிலிருந்துதான்.

இப்படிக் கேட்டதில் ஒரு நன்மை எனக்கு நேரடியாகத் தெரியும். சில வேளை தகவல் வந்தபின் கண்டனமே தேவைப்படாது. பிழை என்று நாம் நினைத்தது பிழையே அல்ல என்று தெரியவரும். அப்படித் தெரியவந்தால் கூட்டத்தில் எழும்பி அதையும் சொல்லுங்கள்.

எவ்வளவு கடுமை?

கண்டனத்திலும் படிகள் உண்டு. புதியவர்கள் நேரே மேல்படியில் ஏறி நிற்பார்கள். அங்கிருந்து இறங்க வழி இருக்காது. ஒரு அலுவலகம் அசமந்தமாக இருக்கிறது என்றால் முதலில் விளக்கம் கேட்டுக் கடிதம். பதில் இல்லையென்றால் நினைவூட்டல் கடிதம், அதில் முதல் கடிதத்தின் திகதி. அதற்கும் பதில் இல்லையென்றால்தான் கண்டனத் தீர்மானம். ஓர் உயிர் போயிருந்தால், ஒரு பெண்ணுக்கோ பிள்ளைக்கோ கொடுமை நடந்திருந்தால் இந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே பொலிஸ் முறைப்பாடு, அன்றே கண்டனம்.

இன்னொன்றை விளங்கிக்கொள்ளுங்கள். "அந்த உத்தியோகத்தரை நாங்கள் கண்டிக்கிறோம்" என்று நாம் எழுதுவது வேறு, அரச சேவைக்குள் நடக்கும் "கண்டித்தல்" வேறு. அரச சேவையில் கண்டித்தல் என்பது ஒரு தண்டனை. அரச ஊழியர்களுக்கான விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி, 48ஆம் அத்தியாயம் அதற்கான ஒழுங்கைச் சொல்கிறது. முறைப்பாடு வந்தால் பூர்வாங்க விசாரணை, பிறகு குற்றப்பத்திரம், அதற்கு அந்த உத்தியோகத்தரின் எழுத்து விளக்கம், தேவையென்றால் முறையான விசாரணை, கடைசியில்தான் தண்டனைக் கட்டளை. அதை ஒழுக்காற்று அதிகாரம் உள்ளவர் மட்டுமே செய்யலாம். நமது சங்கத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் விசாரணை நடத்துங்கள் என்று கேட்கும் உரிமை இருக்கிறது. அதனால் "இவரை உடனே இடம் மாற்று" என்று எழுதுவதைவிட, "இந்த முறைப்பாடு குறித்துப் பூர்வாங்க விசாரணை நடத்தி அதன் முடிவை எமக்கு அறியத் தாருங்கள்" என்று எழுதுங்கள். முதலாவதை ஓரத்தில் தள்ளிவிடலாம், இரண்டாவதைக் கோவையில் போட்டே ஆக வேண்டும். இடமாற்றம் கேட்பதில் எனக்கு வேறொரு மனக்குறையும் உண்டு. நம்மிடம் பிழை விட்டவரை இன்னொரு ஊருக்கு அனுப்பினால் அந்த ஊரவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

அரசியல்வாதி என்றால் கதை வேறு. பாராளுமன்றத்தில் நம்பிக்கையில்லாப் பிரேரணை என்று கேள்விப்படுகிறோம். அரசாங்கத்துக்கு எதிராக அது நிறைவேறினால், அரசியலமைப்பின் 49ஆம் உறுப்புரைப்படி அமைச்சரவை கலைந்துவிடும். 2018 ஏப்ரல் 4இல் அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவுக்கு எதிராக வந்த பிரேரணை 122க்கு 76 என்ற வாக்கில் தோற்றது. ஆனால் ஒரு கிராமச் சங்கமோ ஒரு பிரதேச சபையோ ஓர் அமைச்சரையோ பாராளுமன்ற உறுப்பினரையோ கண்டித்துத் தீர்மானம் போட்டால் அவரது பதவிக்கு ஒன்றும் ஆகாது. அது பதிவேட்டில் நிற்கும், ஊடகத்தில் வரும், தேர்தல் வரும்போது ஞாபகத்துக்கு வரும். அவ்வளவுதான். இதைக் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், "தீர்மானம் போட்டும் ஒண்டும் நடக்கல்லையே" என்று சனம் சலித்துப் போகும், அடுத்த கூட்டத்துக்கு வராது.

சங்கத்துக்குள்ளேயே ஒரு பொருளாளரையோ அங்கத்தவரையோ கண்டிக்க வேண்டி வந்தால் முதலில் சங்கத்தின் விதிகளைச் சொல்லும் யாப்பைப் பாருங்கள். அவருக்கு எழுத்தில் அறிவித்து, பதில் சொல்ல நாள் கொடுத்து, கூட்டத்தில் பேச விட்ட பிறகே முடிவு. அவர் இல்லாத கூட்டத்தில் முடிவெடுப்பது அநியாயம். ஊருக்குள் அந்தக் குடும்பம் தலை நிமிர முடியாமல் போகும். எங்கள் ஊர்களில் அது பிள்ளைகளின் கலியாணம் வரைக்கும் தொடரும்.

கூட்டமும் தீர்மானமும்

நிர்வாக சபையில் ஏழு பேர் இருந்து போடும் கண்டனத்தைவிடப் பொதுக்கூட்டத்தில் போடுவதற்குக் கனம் கூட. விசேட பொதுக்கூட்டம் கூட்டுங்கள். அறிவித்தலில் "கண்டனத் தீர்மானம் பற்றி ஆராய்தல்" என்று நிகழ்ச்சி நிரலில் எழுதுங்கள். கடைசி நேரத்தில் "வேறு விடயங்கள்" என்பதற்குள் நுழைத்தால், பிறகு ஒருவர் எழும்பி எனக்குத் தெரியாது என்பார். யாப்பில் சொல்லும் நிறைவெண் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) வந்ததா என்று எண்ணுங்கள். வரவுப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குங்கள். ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை மூன்றையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். எதிர்த்தவரின் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். எதிர்ப்பே இல்லாமல் "ஏகமனதாக" என்று போட வேண்டும் என்ற ஆசை நமக்கு உண்டு. அதற்காக ஆட்களை வற்புறுத்த வேண்டாம்.

பெண்கள் பின்வரிசையில் இருப்பார்கள், பேச மாட்டார்கள். ஆனால் தண்ணீர், பாடசாலை, நுண்கடன், சாராயக் கடை என்று நாம் கண்டிக்கும் பாதி விடயத்தில் நேரே அடிபடுவது அவர்கள்தான். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் அழைத்து, ஒரு அக்காவையாவது வழிமொழியச் சொல்லுங்கள்.

ஆசிரியர்கள், சமுர்த்தி உத்தியோகத்தர், தாதியர் என்று அரச சேவையில் இருப்பவர்கள் சங்கத்தில் இருந்தால், அவர்களைக் கண்டன அறிக்கையில் கையொப்பமிடவோ ஊடகத்தில் பேசவோ சொல்லாதீர்கள். தாபன விதிக்கோவை அவர்களுக்குச் சில கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது. அவர்கள் கடிதத்தைத் திருத்தித் தந்தாலே பெரிய உதவி.

எழுதுவது

ஒரு மாதிரியைத் தருகிறேன். திகதிகள் எல்லாம் விளக்கத்துக்காகப் போட்டவை.

"எமது சங்கத்தின் விசேட பொதுக்கூட்டத்தில் 64 அங்கத்தவர்கள் சமுகமளித்த நிலையில் பின்வரும் தீர்மானம் 58 ஆதரவு, 2 எதிர்ப்பு, 4 நடுநிலை என்ற வாக்குகளால் நிறைவேற்றப்பட்டது. எமது வயல் வீதியில் உள்ள மதகு மார்ச் 11ஆம் திகதி உடைந்தது. இது பற்றி மார்ச் 14, ஏப்ரல் 2 ஆகிய திகதிகளில் தங்கள் அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்தோம். கடிதங்கள் கையேற்கப்பட்ட முத்திரையுடன் கூடிய பிரதிகளை இணைத்துள்ளோம். இன்றுவரை எவரும் இடத்தைப் பார்வையிடவில்லை, எமக்குப் பதிலும் கிடைக்கவில்லை. மே 5ஆம் திகதி இவ்விடத்தில் நடந்த விபத்தில் 12 வயதுப் பிள்ளை ஒருவர் காயமடைந்தார். தங்கள் அலுவலகத்தின் இந்த அசமந்தப் போக்கை எமது சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. பதினான்கு நாட்களுக்குள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பிப் பார்வையிடுமாறும், திருத்த வேலை தொடங்கும் திகதியை எழுத்தில் அறிவிக்குமாறும், அதுவரை அவ்விடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

இதில் "வன்மையாக" ஒரே தடவைதான் வருகிறது. நான் முன்பு எழுதிய கடிதங்களில் வன்மையாக, கடுமையாக, மிகவும் வேதனையுடன், மனிதாபிமானமற்ற என்று பக்கம் நிறைந்திருக்கும், மதகு உடைந்த திகதி இருக்காது. படிப்பவருக்குப் பதில் சொல்ல எதுவுமே இராது. கடைசியில் கேட்டவை மூன்றும் ஒருவர் செய்தாரா இல்லையா என்று சரிபார்க்கக் கூடியவை. "உரிய நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால், "எடுக்கப்படும்" என்று பதில் வரும். இரண்டையும் வைத்து ஒன்றும் செய்ய ஏலாது.

காயப்பட்ட பிள்ளையின் பெயரை எழுத வேண்டாம். தேவையென்றால் வைத்தியசாலைப் பதிவு எண்ணைத் தாய் தகப்பனின் சம்மதத்தோடு தனியாகக் கொடுக்கலாம்.

கடிதம் தமிழில் இருக்கட்டும். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று, வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியும் அதுவே. தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெற உரிமை இருக்கிறது. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் கேட்டால், வாசிக்கத் தெரியாத எழுத்தின் கீழ் கையொப்பம் வைக்காதீர்கள். தமிழில் எழுதுமாறு கேளுங்கள்.

சொல்லில் கவனம்

செயலைக் கண்டியுங்கள், அதைச் செய்த பதவியைக் குறிப்பிடுங்கள், அந்த ஆளின் குடும்பத்தையோ சாதியையோ சமயத்தையோ இழுக்காதீர்கள். இதை நான் எங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு சொல்கிறேன். வாழைச்சேனைக்குப் பக்கத்தில் ஓட்டமாவடி, ஆரையம்பதிக்குப் பக்கத்தில் காத்தான்குடி, அந்தப் பக்கம் காரைதீவுக்கு ஒரு புறம் சாய்ந்தமருது, மறு புறம் நிந்தவூர். வேலிக்கு வேலி நாம் இருக்கிறோம். ஒரு வியாபாரி நிறையில் களவு செய்தால் அந்த வியாபாரியைக் கண்டிக்க வேண்டும். "இவங்கட ஆக்களே இப்படித்தான்" என்று ஒரு வரி வட்ஸ்அப்பில் போனால், அன்று பின்னேரமே ஏதோ ஒரு சந்தியில் ஒரு முச்சக்கரவண்டிக்காரர் அடிவாங்குவார், அவருக்கும் தராசுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள்.

2021 பெப்ரவரி 3இல் பொத்துவிலில் தொடங்கி 7ஆம் திகதி பொலிகண்டியில் முடிந்த பேரணியை நினைத்துப் பாருங்கள். தமிழர்களின் காணி, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய கேட்புகளோடு, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரிக்காதே என்ற கேட்பும் அதில் இருந்தது. முஸ்லிம் மக்களும் கூட நடந்தார்கள். நீதிமன்றத் தடைகளைப் பொலிஸார் வாங்கி வந்தும் அது நடந்தது. அயலவனின் நோவையும் சேர்த்துக்கொண்டபோது அந்தக் கண்டனம் எவ்வளவு பெருத்தது என்று நேரில் பார்த்தோம்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்திருங்கள். அவதூறை ஒரு குற்றமாகக் கருதிச் சிறைக்கு அனுப்பும் பிரிவுகள் 2002இல் நீக்கப்பட்டன. ஆனால் மானநட்டம் கேட்டுச் சிவில் வழக்குப் போடலாம். எழுதியது உண்மை, அதை வெளியிட்டது பொது நன்மைக்காக என்று இரண்டையும் காட்ட முடிந்தால் அது வலுவான எதிர்வாதம். ஆதாரக் கொப்பி இங்கேதான் உங்களைக் காக்கும். 2007இன் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம்) சட்டத்தின் 3ஆம் பிரிவு இன, மதப் பகையைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. அதில் உள்ளே போனால் நீதவான் நீதிமன்றத்தில் பிணை கிடையாது. பேஸ்புக்கில் போடுபவர்கள் 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் மனதில் வைக்க வேண்டும். நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கைப் பற்றியோ நீதிபதியைப் பற்றியோ கண்டனம் எழுத நினைத்தால், சட்டத்தரணி ஒருவரிடம் காட்டாமல் எழுதவே வேண்டாம்.

எங்கே கொடுப்பது

பொறுப்பான அலுவலகத்தின் தலைவருக்கு மூலப்பிரதி. அவருக்கு மேலே இருப்பவருக்குப் பிரதி, பிரதேச செயலாளருக்குப் பிரதி, மாவட்டச் செயலாளருக்குப் பிரதி. கோட்டைக்குள் இருந்த கச்சேரி (மாவட்டச் செயலகம்) இப்போது திராய்மடுவில் இயங்குகிறது. வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் பழைய ஞாபகத்தில் கோட்டைக்குப் போய் அலைய வேண்டாம். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபால்.

பொலிஸாரின் நடத்தை பற்றியது என்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு. இலஞ்சம் என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, தொலைபேசி 1954. அடிப்படை உரிமை மீறல் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இந்த விடயத்தில் "அடுத்த கூட்டத்தில பார்ப்பம்" என்று விட்டால் வாசல் மூடிவிடும்.

பிரதேச சபை வழியாகவும் போகலாம். 2023 மார்ச்சிலிருந்து சபைகளில் உறுப்பினர்களே இருக்கவில்லை. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகுதான் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் வந்தார்கள், அவர்களில் பலர் புதியவர்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் தீர்மானத்தையும் ஆதாரத்தையும் கொடுத்து, மாதாந்த அமர்வில் பிரேரணையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் அதை எழுத்தில் செயலாளருக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும், எத்தனை நாள் முன்பு என்பதைச் செயலாளரிடமே கேட்கலாம். வழிமொழிய இன்னொரு உறுப்பினரை, முடிந்தால் வேறு கட்சிக்காரரை, பிடிக்கச் சொல்லுங்கள். ஒரே கட்சி கொண்டுவந்தால் மற்றக் கட்சி எதிர்ப்பதற்காகவே எதிர்க்கும், உங்கள் மதகு நடுவில் அகப்பட்டுக்கொள்ளும். அமர்வு நாளில் நாலைந்து பேர் போய்ப் பார்வையாளராக அமைதியாக உட்காருங்கள். பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்களுக்கு முன்னால் பேச்சின் தரமே மாறும்.

வீதிக்கு இறங்குவதானால்

கடிதங்கள் பலிக்காவிட்டால் கவனயீர்ப்புப் போராட்டம். மட்டக்களப்பில் காந்தி பூங்கா அதற்குப் பழகிய இடம். ஊர்வலமாகப் போவதானால், பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி குறைந்தது 6 மணித்தியாலம் முன்பு பக்கத்துப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. சில வேளை பொலிஸார் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் நீதவானிடம் தடை உத்தரவு வாங்கி வருவார்கள். கையில் தந்தால் வாங்கி, முழுதாக வாசித்து, யாருக்கு, எந்த இடத்துக்கு, எத்தனை நாளுக்கு என்று பாருங்கள். உடனே சட்டத்தரணியைப் பிடித்தால் அதை நீக்கவோ மாற்றவோ மன்றில் கேட்கலாம். உத்தரவைக் கிழித்துப் போடுவது வீரம் போலத் தெரியும், வழக்கு நம் பொடியன்களின் தலையில் விழும்.

பதாகையில் ஒரே கேட்பு எழுதுங்கள். 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் உட்கார்ந்த மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்களை யாரும் "எதற்காக இருக்கிறீர்கள்" என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. மேய்ச்சல் தரை வேண்டும். மாட்டை வைத்துச் சீவிப்பவர்கள் மாதக்கணக்கில் அந்தப் பந்தலில் இருந்தார்கள். அவ்வளவு நாள் இருக்க முடிந்ததற்கு அந்த ஒற்றைக் கேட்பும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

கடையடைப்பு, ஹர்த்தால் பற்றி என் கருத்தை மறைக்கவில்லை. மிகவும் பெரிய விடயத்துக்கு மட்டும், அதுவும் எப்போதாவது. அன்றாடம் கூலிக்குப் போகும் வீட்டில் அன்று உலை வைக்க ஏலாது. நாம் கண்டிக்கும் அதிகாரிக்கு அன்று சம்பளம் குறையாது.

அனுப்பிய பிறகு

இங்கேதான் அனேகமான சங்கங்கள் கைவிடுகின்றன. கடிதம் போன நாளிலிருந்து 14ஆம் நாளைக் கலண்டரில் வட்டமிடுங்கள். அன்று தொலைபேசியில் கேளுங்கள், யார் பேசினார், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். பிறகு நினைவூட்டல் கடிதம். ஊடகத்துக்குக் கொடுப்பதானால் இந்தக் கட்டத்தில் கொடுங்கள். இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை என்பதே செய்தி. பிராந்திய ஊடகவியலாளர்களை மரியாதையாக நடத்துங்கள். 2004 மே 31இல் மட்டக்களப்பில் ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்டார். இருபது வருடங்களுக்கு மேலாகியும் அவருக்கு நீதி கிடைக்கவில்லை. அவரோடு வேலை செய்தவர்கள் வருடா வருடம் கூடி அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கிறார்கள். எங்கள் மதகுச் செய்தியைப் படம் பிடிக்க மோட்டார் சைக்கிளில் வருபவர் அந்த வரிசையில் வந்தவர்.

பதில் வந்தால் அடுத்த கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். நமக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும் ஒரு வரி விடாமல் வாசியுங்கள். நாம் எழுதியதில் பிழை இருந்ததாகத் தெரிந்தால், கண்டனத்தை அனுப்பிய அதே அத்தனை பேருக்கும் திருத்தத்தையும் அனுப்புங்கள். நான் ஒரு தடவை அப்படி அனுப்பினேன். கைகள் கூசின. ஆனால் அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் எங்கள் சங்கத்தின் கடிதத்தைப் பிரித்து வாசித்தார்கள்.

வேலை நடந்தால் நன்றிக் கடிதம் போடுங்கள். பார்வையிட வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தரின் பதவியைக் குறிப்பிட்டு, அவரது மேலதிகாரிக்கும் ஒரு பிரதி. கடிதங்கள், பற்றுச்சீட்டுகள், படங்கள், பதில்கள் எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரு கோவையில் கட்டி, முன்பக்கத்தில் பட்டியல் எழுதுங்கள். வீட்டு அலுமாரியில் வைக்க வேண்டாம், வெள்ளம் வந்தால் போய்விடும். சங்கக் கட்டடத்தில் உயரமான தட்டில் வைத்து, அடுத்த செயலாளர் தெரிவாகும் நாளில் அவரிடம் கையளித்துக் கையொப்பம் வாங்குங்கள்.